பறவைத் தாங்கி நட்டால் மட்டும் போதுமா?

பயிர்ப் பாதுகாப்பு என்றதும் விவசாயிகளின் நினைவுக்கு முதலில் வருவது தெளிப்பானும் மருந்துப் புட்டியும்தான். செலவில்லாத முறை என்று வேளாண் துறையினர் எடுத்துச் சொல்வது பறவைத் தாங்கி. பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் ஹெக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 தாங்கிகள் நட வேண்டும் என்பது பரிந்துரை. இரண்டு குச்சிகளைக் குறுக்கே கட்டிப் பயிருக்கு மேலே தெரியும்படி நட்டுவிட்டால், பறவைகள் வந்து அமர்ந்து புழுக்களைப் பொறுக்கித் தின்னும் என்பது கருத்து. கருத்து சரியானதே.

ஆனால் கிராமங்களில் நடப்பது என்ன? இலையெல்லாம் சல்லடையான பிறகு அவசரமாகக் குச்சி நடப்படுகிறது. சில இடங்களில் ஒரு குருவியும் எட்டிப் பார்ப்பதில்லை. சில இடங்களில் பறவைகள் வருகின்றன, உட்காருகின்றன. ஆனாலும் பயிர் போய்விடுகிறது. "குருவியை நம்பினால் கடன் அடையுமா?" என்று சொல்லிக்கொண்டு விவசாயி மருந்துக் கடைக்குப் புறப்படுகிறார்.

இதில் பறவையின் குற்றம் ஒன்றுமில்லை. பூச்சி தின்னும் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இரை தேடுகின்றன என்று எண்ணுவது முதல் தவறு. பூச்சி பெருகிய பிறகு பறவையை வரவழைத்து அழித்துவிடலாம் என்று எண்ணுவது இரண்டாவது தவறு. இவ்விரண்டையும் திருத்திக்கொண்டால், பறவை சிறு விவசாயிக்குச் சம்பளம் கேட்காத வேலையாளாக இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேட்டை முறை

குச்சியில் அமர்ந்து காத்திருந்து பிடிப்பது ஒரு முறை. இரட்டைவால் குருவி என்னும் கரிச்சான் இதில் கைதேர்ந்தது. உயரமான இடத்தில் அமர்ந்து சுற்றிலும் பார்க்கும். பூச்சி அசைந்தால் பாய்ந்து, காற்றிலோ தரையிலோ பிடித்து, மீண்டும் இருப்பிடத்துக்கே வந்து தின்னும். மற்றப் பறவைகள் எழுமுன் எழுந்து, அவை அடைந்த பின்னும் வேட்டையாடுவது இதன் பழக்கம். காய்த்துளைப்பான் போன்றவற்றின் தாய் அந்துப்பூச்சிகள் பறக்கத் தொடங்கும் அந்தி நேரத்திலும் கரிச்சான் வேலையில் இருக்கிறது என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். பனங்காடையும் இவ்வாறே கம்பியிலோ மொட்டை மரத்திலோ அமர்ந்து, தரையில் நகரும் வெட்டுக்கிளி, வண்டு, சில்வண்டு ஆகியவற்றின் மேல் இறங்கும். பறவைத் தாங்கி பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உதவும்.

இறங்காமல் பறந்துகொண்டே பிடிப்பவை தகைவிலானும் உழவாரனும். வயலுக்கு மேலே வட்டமிட்டு, காற்றில் மிதக்கும் சிறு பூச்சிகளை வாய் திறந்து அள்ளும். இவற்றில் உழவாரனுக்குக் குச்சி எதற்கும் பயன்படாது. அதன் கால் குச்சியில் அமர ஏற்றதன்று. பனை உழவாரன் பனையோலையின் மடிப்பில் கூடு ஒட்டி வாழ்கிறது.

பிறர் கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிப்பது மற்றொரு முறை. மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கை அறியாத விவசாயி இல்லை. உண்ணியைத் தின்பதால் அப்பெயர் வந்தது என்றாலும், அதன் முக்கிய இரை மாட்டின் கால்பட்டு எழும்பும் வெட்டுக்கிளியும் பிற பூச்சிகளுமே. மாட்டோடு நடக்கும் கொக்கு, தனியாக இரை தேடும் கொக்கைவிடக் குறைவாக நடந்து அதிக இரை பிடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மாடு குறைந்த ஊர்களில் அதே கொக்கு டிராக்டரின் பின்னால் நடக்கிறது.

மண்ணில் தேடுபவை வேறு. மைனா நடந்து நடந்து புல்லுக்குள் அலகை நுழைத்து, அலகைத் திறந்து இடத்தை விலக்கிப் பார்க்கும். அதன் விஞ்ஞானப் பெயருக்கே வெட்டுக்கிளி வேட்டையாளன் என்று பொருள். 1762இல் மொரீஷியஸ் தீவின் பயிர்களை வெட்டுக்கிளி அழித்தபோது, இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோய் விட்டார்கள். கொண்டலாத்தியின் வளைந்த நீண்ட அலகு, மைனாவுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும் இழுத்து வெளியே போடும். தவிட்டுக்குருவிகள் ஆறு ஏழாகச் சேர்ந்து வேலி ஓரத்துச் சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்.

பயிருக்கு உள்ளேயே இருந்து இலை இலையாகப் பார்ப்பவை கதிர்க்குருவியும் தையல்சிட்டும். உருவம் சிறிது, ஆனால் அசுவினி, சிறு புழு போன்ற மற்றப் பறவைகள் கண்டுகொள்ளாத சிறு இரைகளை இவை விடுவதில்லை. மரத்தண்டைத் தட்டிப் பார்த்து, பட்டைக்குள் ஒளிந்திருக்கும் புழுவையும் எறும்பையும் எடுப்பது மரங்கொத்தி. இரவில் வண்டையும் அந்துப்பூச்சியையும் எலிக்குஞ்சையும் பிடிப்பது புள்ளி ஆந்தை. மற்றப் பறவைகள் பெரும்பாலும் தொட அஞ்சும் முடி நிறைந்த கம்பளிப்புழுவைக் கூடக் குயில் இனத்தைச் சேர்ந்த சுடலைக்குயில் போன்றவை தின்னும். அந்தச் சுடலைக்குயில் முட்டையிடுவதோ தவிட்டுக்குருவியின் கூட்டில்! வேலியை அழித்தால் தவிட்டுக்குருவி போகும். அதனோடு சுடலைக்குயிலும் போகும்.

ஒரு புழுவுக்கு நான்கு வேட்டைக்காரர்

இந்த வேலைப் பிரிவினை விவசாயிக்கு ஏன் முக்கியம்? புரொடீனியா புழுவையே எடுத்துக்கொள்வோம். அதன் அந்துப்பூச்சி இரவில் பறக்கிறது. குஞ்சுப்புழு கூட்டமாக இலையைச் சுரண்டுகிறது. வளர்ந்த புழு பகலில் மண் வெடிப்பிலும் சருகடியிலும் ஒளிகிறது. பின்னர் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. தாயை அந்தியில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் பிடிக்கலாம். இலையிலுள்ள சிறு புழுவுக்குக் கதிர்க்குருவி உண்டு. வளர்ந்த புழுவுக்கு மைனா உண்டு. கூட்டுப்புழுவுக்குக் கொண்டலாத்தி உண்டு. நான்கு பருவத்திலும் காவல் இருந்தால்தான் அந்தப் புழுவின் அடுத்த தலைமுறை குறையும். தாங்கி மட்டும் நட்டு, வேலியையும் மரத்தையும் ஒழித்த வயலில் நான்கில் ஒரு காவல்தான் மிஞ்சும்.

பறவைகள் பூச்சி தின்கின்றன என்பது ஊகம் அன்று. பீகார் மாநிலத்துப் பூசாவில் வெள்ளையர் காலத்தில் இயங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், பறவைகளின் இரைப்பையை அறுத்து, உள்ளே இருந்த இரையை இனம் பிரித்துப் பார்த்தார்கள். மேசன், மாக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவர்கள் தயாரித்த அந்த அறிக்கை 1912இல் வெளிவந்தது. எந்தப் பறவை விவசாயிக்கு நண்பன், எது பகைவன் என்பதை வயிற்றைக் கொண்டே தீர்மானிக்கும் முயற்சி இந்நாட்டில் நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

வைத்தியன் வேறு, காவல்காரன் வேறு

இனி இரண்டாவது தவறுக்கு வருவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த லூக் டின்பெர்கன் என்ற அறிஞர், அந்நாட்டுப் பைன் மரக் காடுகளில் சிட்டுகள் புழு பொறுக்குவதைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதினார். அவர் மறைந்தபின் 1960இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு வகைப் புழு மிக அரிதாக இருக்கும்போது பறவைகள் அதைக் கவனிப்பதில்லை. ஓரளவு கூடியதும் பறவையின் கண் அதற்குப் பழகிவிடுகிறது. தேடித் தேடிப் பிடிக்கிறது. புழு மிதமிஞ்சிப் பெருகிவிட்டாலோ, பறவை தின்னும் பங்கு மீண்டும் குறைந்துவிடுகிறது. பறவையின் வயிற்றுக்கும் ஒரு அளவு உண்டு. ஒரே இரையை அது நாள் முழுதும் தின்பதும் இல்லை.

ஒரு பேச்சுக்கு, ஒரு வயலில் பறவைகள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 500 புழு தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வயலில் 2,000 புழு இருந்தால் நாலைந்து நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். 2 லட்சம் புழு இருந்தால் 500 என்பது கடலில் கரைத்த பெருங்காயம். பறவைகள் மாறவில்லை, அவற்றை அழைத்த நேரம்தான் பிந்திவிட்டது. பறவை நோய் முற்றிய பின் அழைக்கும் வைத்தியன் போன்றதன்று. திருடன் வருமுன்பே வாசலில் இருக்க வேண்டிய காவல்காரன் போன்றது.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு இதற்கு நல்ல உதாரணம். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த இப்புழு, இளம் பருவத்தில் இலையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்கிறது. அப்போது அது பறவையின் கண்ணுக்குத் தெரியும். வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கித் தன் கழிவாலேயே வாயிலை மூடிக்கொள்கிறது. அதன்பின் எந்தப் பறவைக்கும் எளிதில் எட்டாது. தெளிக்கும் மருந்தும் சரியாகச் சேராது. ஆகவே மக்காச்சோளத்தில் தாங்கி நடுவதென்றால் விதைத்த சில நாட்களிலேயே நட்டுவிட வேண்டும். குருத்தில் கழிவு தெரிந்தபின் நடுவது, மழை நின்றபின் குடை விரிப்பதற்கு ஒப்பாகும்.

கேட்கப்படும் மறுப்புகள்

"பறவைகள் தானியத்தைத் தின்று தீர்க்கின்றனவே, அவற்றை வளர்க்கச் சொல்கிறீர்களே?" என்று விவசாயிகள் கேட்பது நியாயம். கிளியும் மயிலும் செய்யும் சேதம் கண்கூடு. மயில் தொல்லைக்கு ஈடும் தீர்வும் அரசு காண வேண்டியது தனி வழக்கு. ஆனால் அந்தக் கோபத்தைக் கரிச்சான்மேலும் பனங்காடைமேலும் காட்டலாகாது. அவை தானியம் தின்பவை அல்ல. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் கூடக் குஞ்சுகளுக்குப் புழுவையும் பூச்சியையும் ஊட்டியே வளர்க்கின்றன. கதிர்ப் பயிர்களில் பால் பிடிக்கும் பருவம் வந்ததும் தாங்கிகளைப் பிடுங்கிவிட்டால், தானியம் தின்னும் பறவைகளுக்கு நாமே இருக்கை போட்டதாகாது.

"வரப்பில் மரம் இருந்தால் நிழல் விழுந்து விளைச்சல் குறைகிறது" என்பது அடுத்த மறுப்பு. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு பாத்தி நிழலும் நஷ்டம்தான். ஆனால் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால், வடக்கு வரப்பிலுள்ள மரத்தின் நிழல் நம் வயலுக்குள் அதிகம் விழாது. அந்தப் பக்கம் பாதையோ வாய்க்காலோ இருந்தால் பக்கத்து வயல்காரரோடு வழக்கும் வராது. மரத்தை அடியோடு வெட்டாமல் ஆண்டுதோறும் கிளை கழித்தால் தழையுரமும் கிடைக்கும். பறவைக்கு இடமும் இருக்கும். பனை நிழல் தருவதே குறைவு.

பறவையால் ஆகாத வேலைகளும் உண்டு. நெல்லின் தூர் அடியில் மறைந்து சாறு உறிஞ்சும் புகையானைப் பறவையிடம் ஒப்படைக்க முடியாது. தண்டுக்குள் புகுந்துவிட்ட குருத்துப்பூச்சியின் புழுவை வயல் குருவிகளால் எடுக்க முடியாது. பஞ்சுருட்டான் தேனீயையும் பிடிக்கும்; தேனீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். கரிச்சான் நன்மை செய்யும் தட்டானையும் சேர்த்தே தின்னும். இவற்றை மறைத்துப் பறவையைப் புகழ்ந்தால், ஒரு போகத்திலேயே விவசாயிக்கு நம்பிக்கை போய்விடும்.

காவல்காரனுக்கு நஞ்சு வைக்கலாமா?

மருந்து தெளித்ததும் பூச்சிகள் உடனே செத்து விழுவதில்லை, மயங்கித் தள்ளாடும். ஓடிப்பிடிக்க வேண்டாத இரையாக அது பறவைக்குத் தெரிகிறது. கூட்டமாக வந்து தின்கிறது. 1995-96 கோடையில் அர்ஜென்டினா நாட்டில், குதிரைமசால், சூரியகாந்தி வயல்களில் வெட்டுக்கிளியை ஒழிக்க மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்து அந்த வெட்டுக்கிளிகளைத் தின்றுகொண்டிருந்த ஒரு வகைப் பருந்துகள் ஆயிரக்கணக்கில் வயல்களிலேயே செத்துக் கிடந்தன. எந்தப் பூச்சிக்காக மருந்து தெளிக்கப்பட்டதோ, அதே பூச்சியைத் தின்று கொடுத்தவை அவை.

நம் ஊர்க் கடைகளிலும் பல ஆண்டுகள் தாராளமாக விற்கப்பட்ட மருந்து இது. இதன் 36 சதக் கரைசலுக்கு மத்திய அரசு 2023இல் தடை ஆணை பிறப்பித்தது. ஆனால் பறவைக்கு நஞ்சாகும் மருந்து இது ஒன்றுதான் என்று எண்ணிவிடக்கூடாது. குருணை மருந்தை மண்ணில் மூடாமல் தூவினால், மணி என்று நினைத்துப் பறவைகள் பொறுக்கும். தப்பிப் பிழைத்த பறவையும் பூச்சியில்லாத வயலில் நிற்காது. சில நாளில் பூச்சி மீண்டும் தலைகாட்டும். அப்போது காவலுக்கு ஆள் இருக்காது. மறுபடியும் மருந்து, மறுபடியும் கடன்.

மருந்தே கூடாது என்று எந்த விவசாயிக்கும் உபதேசம் செய்வது முறையாகாது. நாள் கணக்கு வைத்துத் தெளிக்காமல், வயலில் இறங்கிச் செடிக்கு எத்தனை புழு என்று எண்ணிய பின் முடிவு செய்வதே முறை. தேவைப்பட்டால் முதலில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, அல்லது காய்த்துளைப்பானுக்கும் புரொடீனியாவுக்கும் உள்ள என்.பி.வி. வைரஸ் கரைசல். வைரஸ் தாக்கிய புழுவைத் தின்ற பறவைக்கு அதனால் தீங்கில்லை. அதன் எச்சத்தோடு வெளிவரும் வைரஸ் வேறு செடிகளுக்கும் பரவுகிறது. கரிச்சானே தெளிப்பானாகிவிடுகிறது!

செய்ய வேண்டியவை

தாங்கியை விதைத்த முதல் வாரங்களிலேயே நடுக. பயிர் வளர வளர, ஓரடியாவது மேலே தெரியும்படி உயர்த்துக. குச்சி கிடைக்காத இடத்தில், பயறிலும் நிலக்கடலையிலும் இடையிடையே சோளமோ ஆமணக்கோ ஊன்றிவிட்டால் அதுவே உயிருள்ள தாங்கி. ஆந்தைக்குத் தென்னை மட்டை அல்லது பனை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கலாம்.

கோடை உழவை விடிந்தபின் காலை நேரத்தில் செய்க. டிராக்டர் கிடைத்தது என்று நள்ளிரவில் உழுதால், மண்ணிலிருந்து வெளிவரும் கூட்டுப்புழுவைத் தின்னக் கொக்கும் மைனாவும் அங்கே இருக்கமாட்டா. தண்ணீர் பாய்ச்சும்போதும் இதுவே பொருந்தும். வெடிப்பில் நீர் புகுந்ததும் வெளியேறும் பூச்சிக்காகப் பறவைகள் பகலில் வாய்க்கால் ஓரம் காத்திருக்கின்றன.

கூடு கட்டும் இடத்தைக் காப்பது இவை எல்லாவற்றிலும் முக்கியம். குஞ்சு பொரித்த பறவை நாள் முழுதும் கூட்டுக்கு அருகிலேயே இரை தேடும். கூடு வயலோரம் இருந்தால் வேட்டையும் வயலில் நடக்கும். கரிச்சானுக்கு வரப்பு மரத்தின் கிளைக்கவை வேண்டும். பனங்காடைக்கும் மைனாவுக்கும் பொந்து வேண்டும். பட்டுப்போன மொட்டைப் பனையை விறகுக்காகச் சாய்த்தால் அந்த வீடு போகிறது. பஞ்சுருட்டானுக்கு மண் கரை வேண்டும். தவிட்டுக்குருவிக்கும் செம்போத்துக்கும் கிளுவை போன்ற உயிர்வேலி வேண்டும். கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும், குருவியை வளர்க்காது. கம்பி கட்டியவர்களும் அதன் ஓரத்தில் கிளுவைப் போத்தை ஊன்றி வைக்கலாம்.

அரசும் யோசிக்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். வேளாண் அலுவலர்கள் விவசாயிகளிடம் "ஏக்கருக்கு இத்தனை தாங்கி" என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாமல், எந்த வாரத்தில் நடுவது, எந்தப் பறவை எதைத் தின்னும், எப்போது பிடுங்குவது என்பதையும் வயலிலேயே காட்டிச் சொல்ல வேண்டும். ஊராட்சிகள் வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் நடும் மரங்களில் பறவை கூடு கட்டும் நாட்டு மரங்களுக்கு முதலிடம் தர வேண்டும். ஒருவர் வரப்பில் ஒரு மரம் இருந்தால் அதில் கூடு கட்டும் பறவை பத்துப் பேர் வயலில் வேட்டையாடும். ஆகவே இது தனி ஒருவரின் செலவாக இருக்கலாகாது. ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம்.

பூச்சி மருந்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கரிச்சானின் கூலி மட்டும் ஏறவில்லை. அது கேட்பது அமர ஒரு குச்சி, கூடு கட்ட ஒரு கிளை, நஞ்சில்லாத ஒரு புழு. அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போகுமுன் ஒவ்வொரு விவசாயியும் தம் வயலைச் சுற்றி ஒருமுறை நடந்து, இந்த மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.